கல்லுப்பள்ளியை இடிக்கும் தீர்மானத்தைத் திரும்பப் பெறுங்கள்: ஜமாஅத் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

முத்தவல்லி அவர்களுக்கும் நிர்வாகக் கமிட்டி உறுப்பினர்களுக்கும், அஸ்ஸலாமு அலைக்கும்.

பள்ளிவாசலின் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கும் தீர்மானத்தைப் படித்தோம். பழைய பள்ளியான நம் கல்லுப்பள்ளியின் கூரை ஒழுகுகிறது, உத்திரத்தில் விரிசல் விழுந்திருக்கிறது, சுவர் பொரிந்து கொட்டுகிறது, ஜும்ஆவுக்கு (வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு) இடம் போதவில்லை, கிப்லா (தொழும் திசை) சரியில்லை; ஆகவே நோன்புப் பெருநாள் கழிந்ததும் இடித்துவிட்டு, குப்பாவும் (குவிமாடமும்) இரண்டு மினாராவும் வைத்து மாடியோடு கான்கிரீட் பள்ளி எழுப்பப்படும் என்கிறது அது. நாங்களும் இந்த ஜமாஅத்தைச் சேர்ந்தவர்கள்தான். எங்களில் கல்வேலை தெரிந்தவர் உண்டு, சுண்ணாம்பு வேலை தெரிந்தவர் உண்டு, கட்டடக் கணக்குப் போடுபவரும் கல்வெட்டு வாசிப்பவரும் உண்டு. ஒருவரிடமும் கமிட்டி கருத்துக் கேட்கவில்லை. பழைய கட்டடத்தைப் பார்த்துச் சான்று சொன்னவர் புதுக் கட்டடத்துக்கு மதிப்பீடு கொடுத்த ஒப்பந்ததாரர் ஒருவர் மட்டுமே. இந்தத் தீர்மானத்தை நாங்கள் ஏற்கவில்லை.

முதலில் ஒழுகலைப் பார்ப்போம். மற்றக் கோளாறுகளில் பாதி அதிலிருந்துதான் கிளைக்கிறது.

உள்பள்ளியின் கூரை கருங்கல் பாவு. தூணின் மேல் போதிகை என்ற தாங்குகல், போதிகையின் மேல் உத்திரம், உத்திரத்துக்கு உத்திரம் பரப்பிய பலகைக்கல்லான பாவுகல். அதற்கு மேலே செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் மூன்று நான்கு அங்குலக் கனத்துக்குப் போட்டு, கட்டையால் அடித்து இறுக்கி, தட்டோடு (தட்டையான ஓடு) பதித்திருக்கிறார்கள். தண்ணீர் வடிய வடக்கிலும் தெற்கிலும் கல் தூம்புகள். சுண்ணாம்புத் தளம் மழையில் கொஞ்சம் நனையும், வெயில் வந்ததும் உலர்ந்துவிடும். அதன் தலையில் பிற்பாடு ஏற்றிய சிமெண்ட் தளத்துக்கு அந்தக் குணம் கிடையாது. அது வெயிலில் விரிந்து, மழையில் சுருங்கி, தலைமுடி கனத்தில் வெடிப்பு விடும். அந்த வெடிப்பில் இறங்கிய தண்ணீர் ஆவியாகி வெளியேற வழியில்லாமல் சிமெண்டுக்கும் சுண்ணாம்புக்கும் நடுவே தேங்கி, பாவுகல் இணைப்புகளின் வழியாகச் சொட்டுகிறது. ஒழுகிய ஒவ்வொரு முறையும் அதற்கு மருந்தாக இன்னொரு சிமெண்ட் பூச்சு பூசப்பட்டது. தென்பக்கத் தூம்புகள் இரண்டும் இப்போது பூச்சுக்குள் புதைந்து கிடக்கின்றன. மாடியேறிப் பார்த்தால் தெரியும். தூம்பை அடைத்த கூரை ஒழுகாமல் என்ன செய்யும்?

எடையையும் கணக்கிடுங்கள். பூச்சின் மேல் பூச்சாக இப்போது அங்கே மூன்று அங்குல சிமெண்ட் இருக்கிறது. சதுர மீட்டருக்குச் சுமார் 180 கிலோ. உள்பள்ளி 40 அடிக்கு 30 அடி, அதாவது 111 சதுர மீட்டர். கட்டியவர்கள் கணக்கில் இல்லாத 20 டன் பாரம் கூரை மேல் நிரந்தரமாக உட்கார்ந்திருக்கிறது. போதாததற்கு 5,000 லிட்டர் தண்ணீர்த் தொட்டி. நிரம்பினால் அது தனியாக 5 டன், மேடை எடை வேறு.

உத்திர விரிசலுக்கு இனி விளக்கம் தேட வேண்டியதில்லை. கருங்கல் அமுக்கத்தை அபாரமாகத் தாங்கும். வளைக்கும் விசையை அதில் பத்தில் ஒரு பங்கு தாங்கினாலே அதிகம். அதனால்தான் அந்தக் காலக் கல்தச்சர்கள் ஆறடிக்கு ஒரு தூண் நிறுத்தி, போதிகையை இருபுறமும் நீட்டி, உத்திரம் அந்தரத்தில் நிற்கும் நீளத்தை இன்னும் குறைத்தார்கள். அளவுக்கு மீறிய பாரம் வந்தால் கல் உத்திரம் நடுவில், அடிப்பக்கத்திலிருந்து மேல்நோக்கி வெடிக்கும். நம் பள்ளி விரிசல் அந்த வகைதான். அஸ்திவாரம் இறங்கியிருந்தால் சுவரில் சாய்வாகப் படிக்கட்டு போலப் பிளவு ஓடியிருக்கும், தூண்கள் தூக்குநூலுக்கு விலகியிருக்கும். இரண்டும் இல்லை. 24 தூண்களும் நேராக நிற்கின்றன. இதுவரை பார்த்ததில் விரிசல் கண்டிருப்பது ஒரே ஓர் உத்திரம், அதுவும் தண்ணீர்த் தொட்டிக்கு நேர் கீழே உள்ளது. கட்டடம் வலுவிழந்துவிட்டது என்று சான்று கொடுத்தவர் தலைக்கு மேலே என்ன இருக்கிறது என்று நிமிர்ந்து பார்க்கவில்லை.

அந்த விரிசல் இன்னும் நகர்கிறதா, நின்றுவிட்டதா என்று தெரிந்துகொள்ளச் செலவே இல்லாத வழி இருக்கிறது. விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடிச் சில்லை இருபுறமும் சாந்து வைத்து ஒட்டி, தேதி எழுதிவிட வேண்டும். விரிசல் நகர்ந்தால் கண்ணாடி உடையும். ஒரு கோடையும் ஒரு வடகிழக்குப் பருவமழையும் கடந்த பிறகும் உடையாமல் இருந்தால், பாரத்தை இறக்கியதோடு சிக்கல் தீர்ந்தது என்று பொருள். உடைந்தாலும் இடிக்கத் தேவையில்லை. இருபுறமும் முட்டுக்கொடுத்து, துளையிட்டுத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி செருகித் தைக்கலாம். கடலோரத்துக்கு 316 தர எஃகுதான் சரி. சாதாரண இரும்பு கூடவே கூடாது. துருப்பிடித்த இரும்பு பல மடங்கு பருத்துக் கல்லை உள்ளிருந்தே பிளக்கும். முகப்பில் மின்விளக்குக்காக அடித்த இரும்பு ஆணிகளைச் சுற்றிக் கல் பொத்து விழுந்திருப்பதைப் பாருங்கள்.

கூரையைச் சரிசெய்யும் முறை இதுதான். சிமெண்டை உளியும் சுத்தியலும் கொண்டு கையால் பெயர்க்க வேண்டும். டிரில்லிங் மெஷின் அதிர்வு பாவுகல்லை உலுக்கிவிடும். பாவுகல் இணைப்புகளை ஓர் அங்குல ஆழத்துக்குச் சுரண்டிச் சுத்தம் செய்து, சுண்ணாம்பும் செங்கல் தூளும் சேர்த்த சாந்தால் நிரப்ப வேண்டும். சுண்ணாம்பு தொட்டியில் குறைந்தது 15 நாள் ஊறியதாக இருக்கட்டும். நசுக்கிய கடுக்காயையும் வெல்லத்தையும் தனியாகத் தண்ணீரில் பத்துப் பதினைந்து நாள் ஊறவைத்து வடிகட்டி, அந்த நீரில் சாந்தைக் குழைக்க வேண்டும். பிறகு 20 மி.மீ. செங்கல் ஜல்லி இரண்டரைப் பங்குக்குச் சாந்து ஒரு பங்கு கலந்து, நாலங்குலம் போட்டு, கடுக்காய் நீர் தெளித்துத் தெளித்து ஒரு வாரம் போல மரக்கட்டையால் அடிக்க வேண்டும். கட்டை துள்ளி எழும்பினால் தளம் இறுகிவிட்டது. தண்ணீர் வடிய ஐந்தடிக்கு ஓர் அங்குலம் வாட்டம் (சரிவு). மேலே தட்டோடு இரண்டு அடுக்கு, இணைப்புக்கு மேல் இணைப்பு வராமல்.

இந்த வேலை கெடுவதும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். கடையில் காற்றுப்பட்டுக் கிடந்த பைச் சுண்ணாம்பை வாங்குவார்கள், அது பிடிக்காது. சீக்கிரம் இறுகட்டும் என்று ஒரு சட்டி சிமெண்டைக் கலப்பார்கள். எதைப் பெயர்த்தோமோ அதுவே திரும்ப வந்து உட்காரும். கடல் மணலைச் சேர்ப்பார்கள், உப்பு பூக்கும். கத்திரி வெயிலில் ஈரச்சாக்கு போடாமல் விடுவார்கள்; வெடிக்கும். தை பிறந்ததும் தொடங்கிப் பங்குனிக்குள் முடித்தால் ஐப்பசி மழை வருவதற்குள் தளம் நன்றாகக் காய்ந்திருக்கும்.

சுவர் பொரிவதற்கும் சிமெண்டே காரணம். செங்கல்லும் கிளிஞ்சல் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய சுவர் அது. தரையிலிருந்து ஏறும் ஈரத்தை இருபுறமும் விட்டுக்கொண்டிருந்தது. வெளியே தெருவை உயர்த்தி உயர்த்திச் சாலை போட்டார்கள். நாம் முற்றம் முழுவதும் சிமெண்ட் பூசினோம், சுவரின் அடிப்பகுதிக்கு டைல்ஸ் ஒட்டினோம், அதற்கு மேலே எனாமல் பெயிண்ட் அடித்தோம். வெளியேற இடமில்லாத ஈரம் டைல்ஸுக்கு மேலே ஏறி, உப்பைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. அந்த உப்பு படிகமாகும்போதுதான் பூச்சு பொரிகிறது. டைல்ஸையும் சிமெண்டையும் ஈரக்கோட்டுக்கு மேலே இரண்டடி வரை கொத்தியெடுத்து, ஒரு கோடை முழுவதும் சுவரைத் திறந்து போட்டு, காகிதக் கூழ் அப்பி உப்பை இரண்டு மூன்று முறை இழுத்தெடுத்துவிட்டு, சுண்ணாம்பு பூசி வெள்ளையடித்தால் போதும். சுவரையொட்டி ஒன்றரை அடி அகலத்துக்கு முற்றத்துச் சிமெண்டை வெட்டியெடுத்துச் சரளை நிரப்புங்கள். ஒளுச் செய்யும் (தொழுகைக்கு முன் கை, கால், முகம் கழுவும்) இடத்துக் கழிவுநீர்க் குழாயில் ஒரு கசிவு இருக்கிறது. முதலில் அந்தக் கசிவை அடைத்துவிடுங்கள்.

ஏ.சி.க்காகச் சாளரங்களை அடைத்ததையும் ஃபால்ஸ் சீலிங் போட்டதையும் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. அந்த சீலிங்கால்தான் உத்திர விரிசல் இத்தனை காலம் யார் கண்ணிலும் படவில்லை.

இனி, எதை இடிக்கப் போகிறீர்கள் என்பது பற்றி.

மீலாது மேடையில் நம் பள்ளிக்கு 1,300 ஆண்டுப் பழமை என்று சொல்லப்படுகிறது. அது சரியல்ல. நிற்கும் கட்டடத்தின் வயதைப் போதிகை சொல்கிறது. சோழர், பிற்பாண்டியர் காலப் போதிகை சாய்வாகவோ நேராகவோ வெட்டி விட்டதாக இருக்கும். நுனியில் பூமொட்டுத் தொங்குவது விஜயநகர, நாயக்கர் கால வழக்கம். நம் பள்ளியில் எல்லாத் தூண்களிலும் மொட்டுத் தொங்குகிறது. ஆக, இந்தக் கல்வேலை நாயக்கர், இராமநாதபுரம் சேதுபதிகள் காலத்தது. இதே இடத்தில் முன்பு வேறொரு பள்ளி இருந்திருக்கலாம். நம் கடற்கரைக்கு அது புதிதல்ல. 13ஆம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ காயல் துறைமுகத்தைப் பற்றி எழுதினார். 14ஆம் நூற்றாண்டில் மதுரை சுல்தானகத்துக்கு வந்த இப்னு பதூதா, ஃபத்தன் என்ற துறைமுகத்தில் கல்லால் கட்டிய அழகிய பள்ளி இருந்ததைக் குறித்திருக்கிறார். திருப்புல்லாணிக் கோயிலில் உள்ள பாண்டியர் காலக் கல்வெட்டு ஒன்று பிழார்ப்பள்ளி என்ற சோனகர் (முஸ்லிம் வணிகர்) பள்ளிக்கு விட்ட கொடையைப் பேசுகிறது. பெருமாள் கோயில் சுவரில் பள்ளிவாசலுக்கு விட்ட கொடை. கட்டுக்கதை இல்லாமலே பெருமைப்பட இத்தனை இருக்கிறது.

கமிட்டியில் சிலருக்கு இந்தப் பள்ளி கோயில் மண்டபம் போல இருப்பது உறுத்துவதாகக் கேள்விப்பட்டோம். வெளியூர்க்காரர்கள் கேட்கிறார்களாம். மண்டபம் போலத்தான் இருக்கும். மண்டபம் கட்டிய அதே கல்தச்சர்களின் உளிதான் இதையும் செய்தது. அடியில் ஜகதி, குமுதம், பட்டி என்ற கல்வரிகளால் ஆன அதிட்டானம் (அடிப்பீடம்). சதுரம், எண்பட்டைக் கட்டு, சதுரம் என்று மாறி மாறி ஏறும் தூண். மேலே கொடுங்கை என்ற வளைந்த கூரை விளிம்பு. கீழக்கரையில் வள்ளல் சீதக்காதியின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் ஜும்மாப் பள்ளியிலும் இந்த முறைதான். வேறுபாடு எங்கே இருக்கிறது என்றால், கோயில் தூணில் உருவம் வரும் சதுரங்களில் இங்கே தாமரைப் பதக்கமும் கொடியும் வலைப்பின்னலும் வருகின்றன. மதீனாவில் நபி (ஸல்) அவர்கள் கட்டிய பள்ளிக்கே பேரீச்ச மரத்தண்டுகள்தான் தூண், ஓலைதான் கூரை. அதில் குப்பாவும் இல்லை, மினாராவும் இல்லை. அந்தந்த மண்ணில் கிடைத்ததைக் கொண்டு, அந்த மண்ணின் தச்சர்கள் கட்டினார்கள். 131 அடி மினாரா நாகூரில் அழகாகத்தான் இருக்கிறது. அது நாகூரில் இருக்கட்டும்.

நாளைக்கே யாராவது, ‘இது முன்பு வேறு ஏதோவாக இருந்தது’ என்று கிளப்பினால் பதில் சொல்லப்போவது இந்தக் கட்டடம்தான். மேற்குச் சுவரின் வெளிப்பக்கம் போய்ப் பாருங்கள். மிஹ்ராபின் (கிப்லாவைக் காட்டும் மாடத்தின்) முதுகு புடைத்து நிற்கும் இடத்தில் அதிட்டானத்தின் ஜகதியும் குமுதமும் பட்டியும் அறுபடாமல் அந்தப் புடைப்பைச் சுற்றி வளைந்து போகின்றன. மிஹ்ராபைப் பிற்பாடு சுவரைக் குடைந்து வைத்திருந்தால் அந்த வரிகள் அங்கே வெட்டுப்பட்டிருக்கும். அடிக்கல் வரியிலேயே மிஹ்ராபுக்கு இடம் விட்டுக் கட்டியிருக்கிறார்கள். தூண் சதுரங்களில் உருவத்தைக் கொத்தி அழித்த உளித்தடம் ஒன்றுகூட இல்லை. பள்ளியாகவே பிறந்த கட்டடம் என்பதற்கு இதைவிட வலுவான ஆவணம் பத்திர அலுவலகத்தில் கிடைக்காது. வக்ஃபுச் (அறக்கொடைச்) சொத்துகளுக்கு ஆதாரம் எங்கே என்று கேட்கப்படும் இந்த நாளில், இருக்கும் ஆதாரத்தை நாமே ஜே.சி.பி. வைத்துப் பெயர்க்கப் போகிறோமா?

வாசல் நிலைக்கு மேலே உள்ள அரபு வரிகளும், தெற்குத் தூண் ஒன்றில் உள்ள தமிழ் எழுத்தும் இன்னும் முறையாகப் படியெடுக்கப்படவில்லை. எனாமல் பெயிண்ட் அவற்றின் பள்ளங்களை நிரப்பியிருக்கிறது. தயவுசெய்து ஆசிட் ஊற்றியோ மணலை வீசியோ சுத்தம் செய்யக் கிளம்பாதீர்கள். மணல்வீச்சில் பெயிண்ட்டோடு எழுத்தும் போய்விடும். பெயிண்ட் இளக்கியைப் பூசி ஊறவிட்டு, மூங்கில் சீவலாலும் மென்மையான பிரஷ்ஷாலும் வழித்தெடுத்தால் போதும். தரை விஷயமும் அப்படியே: மார்பிள் போட்டுத் தரையை ஐந்தங்குலம் உயர்த்தியதில் தூண்களின் அடிச்சதுரம் புதைந்துவிட்டது. அங்கே எழுத்து இருந்தாலும் இப்போது நமக்குத் தெரியாது.

கிப்லா பற்றிய கவலை நியாயமானது. பள்ளி நேர் மேற்கே பார்க்கிறது. இந்தக் கடற்கரையிலிருந்து மக்கா மேற்கிலிருந்து வடக்கே சுமார் 23 பாகை தள்ளி இருக்கிறது; சென்னையில் இதே விலகல் 18 பாகை அளவு. மார்க்கச் சட்டம் எவ்வளவு விலகலை ஏற்கிறது என்பதை ஆலிம்களிடம் (மார்க்க அறிஞர்களிடம்) விடுகிறோம். திருத்தத்தான் வேண்டும் என்றால் அதற்குச் சுவரைத் திருப்ப வேண்டியதில்லை, சஃப்பை (தொழுகை வரிசையை) திருப்பினால் போதும். பல ஊர்ப் பழைய பள்ளிகளில் விரிப்புக் கோடுகள் சாய்வாக ஓடுகின்றன. நம் அகலத்துக்கு வடமேற்கு மூலையில் ஒரு முக்கோணம் தொழப் பயன்படாது. அங்கே குர்ஆன் அலமாரியை வைக்கலாம்.

இடப் பற்றாக்குறை மட்டும்தான் தீர்மானத்தில் உண்மையான காரணம். உள்பள்ளியின் 1,200 சதுர அடியில், ஆளுக்கு எட்டுச் சதுர அடி வீதம் 150 பேர் தொழலாம். தூண் மறைவைக் கழித்தால் இன்னும் குறையும். கிழக்கு முற்றம் 60 அடிக்கு 40 அடி. அதாவது 2,400 சதுர அடி, 300 பேர். இமாமுக்குப் பின்னால் சஃப்பு தொடர்ந்து போவதற்குக் கிழக்குதான் பொருத்தமான திசை. வடக்கில் மையவாடியையும் (அடக்கத்தலத்தையும்) தொட வேண்டியிருக்காது. அங்கே எஃகுத் தூண் நிறுத்தி ஓட்டுக்கூரை போட்ட வெளிப்பள்ளி கட்டுங்கள். பழைய சுவரோடு ஒட்டாமல் இரண்டங்குல இடைவெளி விட்டு, நெகிழும் தகடு வைத்து மூடுங்கள். புதுப் பாரம் இறங்கும்போது பழைய சுவரையும் இழுக்காதிருக்க அந்த இடைவெளி தேவை. பழைய அஸ்திவாரம் மணலில் மூன்று நான்கு அடிதான் இறங்கியிருக்கும். பக்கத்தில் ஆறடிக்குக் குழி தோண்டினால் மணல் சரிந்து அஸ்திவாரத்தின் அடி வெறுமையாகிவிடும். குழி எவ்வளவு ஆழமோ அவ்வளவு தூரமாவது தள்ளித் தோண்டுங்கள். ஹவுளை (ஒளுச் செய்யும் தண்ணீர்க் குளத்தை) தூர்த்து இடம் எடுக்க வேண்டாம். கூரைத் தண்ணீர் போய்ச் சேருமிடம் அதுதான்.

கான்கிரீட் பள்ளி நிலைத்து நிற்கும் என்ற நம்பிக்கையையும் கொஞ்சம் ஆராய்ந்து பாருங்கள். உப்புக்காற்றில் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடிக்கும். கம்பிக்கு மேலே போதிய கனத்துக்குக் கான்கிரீட் மூடாத கட்டடங்களில் முப்பது ஆண்டுக்குள் கூரைச் சிலாப் உரிந்து விழுவதைக் கடலோர ஊர்களில் எங்கும் காணலாம். கம்பியே இல்லாத கல்லுப்பள்ளிக்கு அந்த நோய் வராது.

எங்கள் கோரிக்கைகள்:

இடிப்புத் தீர்மானத்தை எழுத்து மூலம் நிறுத்திவையுங்கள். முத்தவல்லியும் கமிட்டியும் வக்ஃபை நிர்வகிப்பவர்கள்தான், உரிமையாளர்கள் அல்லர். வக்ஃபு வாரியத்தின் எழுத்துபூர்வமான ஒப்புதலும் ஊர்ப் பொதுக்கூட்டத்தின் சம்மதமும் இல்லாமல் ஒரு கல்லையும் அசைக்க வேண்டாம்.

தண்ணீர்த் தொட்டியை இந்த வாரமே காலிசெய்து கூரையிலிருந்து இறக்குங்கள். விரிசல் கண்ட உத்திரத்துக்குக் கீழே மரமுட்டுக் கொடுங்கள். முட்டின் தலையில் மரப்பலகை இருக்கட்டும், இரும்பு நேராகக் கல்லில் படக்கூடாது. ஃபால்ஸ் சீலிங்கைக் கழற்றி எல்லா உத்திரங்களையும் பார்வைக்குத் திறந்துவையுங்கள். அடைத்த தூம்புகளைத் திறக்க ஒரு நாள் வேலை போதும். அதற்குக் கூலி வேண்டாம், எங்களில் இருவர் செய்து தருகிறோம்.

புதுக் கட்டட ஒப்பந்தத்தில் எந்தப் பங்கும் இல்லாத, பழைய கல், சுண்ணாம்புக் கட்டடங்களில் அனுபவமுள்ள பொறியாளர் ஒருவரிடம் ஆய்வறிக்கை வாங்குங்கள். கண்ணாடிச் சில் ஒட்டி ஒரு பருவமழை முடியும்வரை கவனித்த பிறகுதான் கட்டடத்தின் வலுவைப் பற்றி யாரும் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

தமிழ்க் கல்வெட்டைப் படியெடுக்க மாநிலத் தொல்லியல் துறைக்கும், அரபு வரிகளுக்கு நாகபுரியில் உள்ள இந்தியத் தொல்லியல் துறையின் அரபு, பாரசீகக் கல்வெட்டுப் பிரிவுக்கும் கமிட்டியின் பெயரில் கடிதம் எழுதுங்கள். படியெடுக்கக் கேட்பதால் பள்ளியை யாரிடமும் ஒப்படைத்ததாக ஆகிவிடாது. அதுவரை எழுத்துள்ள கற்களில் எண்ணெய், பெயிண்ட், ஆசிட் எதுவும் படக்கூடாது.

பழைய பள்ளியைச் செப்பனிட்டுக் கிழக்கில் வெளிப்பள்ளி கட்ட ஒரு மதிப்பீடும், இடித்துக் கட்ட ஒரு மதிப்பீடும் போட்டு, இரண்டையும் அறிவிப்புப் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுங்கள். ஊர்க்கூட்டம் கூடி இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வரை புதுப் பள்ளிக்கு வசூல் ரசீது அச்சடிக்க வேண்டாம். ஏற்கெனவே வாங்கிய தொகையின் கணக்கையும் அதே பலகையில் போடுங்கள். இந்த மடலுக்கான பதிலை அடுத்த ஜும்ஆவுக்குள் எழுத்தில் தாருங்கள்.

வஸ்ஸலாம்.

ஜமாஅத் உறுப்பினர்கள் சிலர்